விமானம் கிளம்பும் நேரத்தில் விமானியும் டவரும் ஒருவரையொருவர் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்?

ரெண்டு பக்கமும் பயிற்சி பெற்றவர்கள், அப்புறம் எப்படிக் குழப்பம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கேஎல்ஐஏவில், அதாவது கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையத்தில், தரைப்பணியில் இருக்கிறேன். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது ஹெட்செட்டில் விமானியோடு பேசுவது எங்கள் வேலை. டவரோடு, அதாவது விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு, பேசுவது அவர் வேலை. நான் பார்த்தவரை, காதில் விழாமல் போவதில் பெரிய ஆபத்து இல்லை, திரும்பக் கேட்டுவிடுவார்கள். நாம் எதிர்பார்த்ததே காதில் விழுந்துவிட்டால்தான் சிக்கல்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு. கடும் மூடுபனி. ஓடுதளத்தின் ஒரு முனையில் கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் ஜம்போ தயாராக நிற்கிறது. அதே ஓடுதளத்தில் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜம்போ எதிரே ஊர்ந்து வருகிறது. கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதியைத்தான் டவர் கேஎல்எம்முக்குக் கொடுத்தது. கிளம்பச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃப்' (கிளம்புதல்) என்ற சொல் இருந்தது. கேஎல்எம் துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்று முடித்தார். கிளம்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று டவர் எடுத்துக்கொண்டது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. டவர் 'ஓகே' என்றது; சற்று விட்டு, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றும் சொன்னது. அந்த நொடியில்தான் பான் ஆம், 'நாங்கள் இன்னும் ஓடுதளத்தில் இருக்கிறோம்' என்று பேசியது. விமான ரேடியோவில் இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். டவர் சொன்னதில் கேஎல்எம்முக்குத் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும். பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம்மின் ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். கேப்டன் விலகிவிட்டது என்றார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான், அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக்-ஆஃப்' என்று உச்சரிக்கக் கூடாது என்ற முறை வந்தது. மற்ற நேரமெல்லாம் 'டிப்பார்ச்சர்' (புறப்பாடு) தான்.

நம் ஊரிலும் ஒன்று நடந்திருக்கிறது, இறங்கும்போது. 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்துக்கு வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு ஜம்போ. 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார் கட்டுப்பாட்டாளர். அவர் சொன்னது 2,400 அடி. விமானிகளுக்கு அந்த 'டூ' இரண்டு என்ற எண்ணாகவே படவில்லை, அதே உச்சரிப்புள்ள 'to' ('-க்கு') என்று எடுத்துக்கொண்டு, 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று திருப்பியும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக எச்சரிக்கைக் கருவி கத்தியும் அவர்கள் மேலே ஏற்றவில்லை. பூச்சோங் பக்கம் குன்றில் மோதி, விமானத்தில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

உச்சரிப்புதான் காரணம் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு விபத்திலும் விமானிகள் திருப்பிச் சொன்னார்கள். கேட்டவர் தன் மனதில் இருந்ததைத்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் எழுத்திலேயே அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். வழித்தட அனுமதி இப்போது பல விமான நிலையங்களில் திரையில் எழுத்தாக வந்துவிடுகிறது. ஓடுதளத்தில் ஏறவும் கிளம்பவும் அனுமதி இன்னும் வாய்வழிதான். அங்கே நொடிக்கு நொடி நிலைமை மாறும், தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது.