பிள்ளைகளுக்கான உடல்நலத் தளங்கள்: கேள்வி பதில்

ஒரு தாய்: பிள்ளை தானே படிக்கிற மாதிரி நல்ல தளம் எது மேடம்?

ஆங்கிலம் வாசிப்பான் என்றால் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ நிறுவனமான நெமோர்ஸின் கிட்ஸ்ஹெல்த். 1995 முதல் இருக்கிறது. பெற்றோர், சிறுவர், பதின்வயதினர் என மூன்று தரப்புக்கும் தனித்தனியாக எழுதுகிறார்கள். பெற்றோர் பக்கத்தைப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். எந்தத் தளமானாலும் பக்கத்தின் அடியில் சரிபார்த்த மருத்துவரின் பெயரும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

ஆசிரியர்: வகுப்பில் நடத்த ஏதாவது?

அதே தளத்தில் வகுப்பு வாரியாக ஆசிரியர் கையேடுகள் இலவசமாகக் கிடைக்கும். தூக்கத்தில் தொடங்குங்கள். 13 முதல் 18 வயது வரை 8–10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரத்தைக் குறித்துவரச் சொல்லி, சராசரியை அவரவரே கணக்கிடட்டும். அதை மட்டும் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டு நிலவரம் வெளியே வந்துவிடும்.

மாணவன், 15 வயது: இணையத்தில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) போட்டுப் பார்த்தேன், 18 வந்தது. எடை குறைவு என்கிறது. புரோட்டீன் பவுடர் குடிக்கலாமா?

வேண்டாம் தம்பி. நீ பார்த்தது பெரியவர்களுக்கான கணக்கு. 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு என்பது அவர்களுக்குத்தான். வளர்கிற வயதில் அந்த எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரைக்கான வரைபடத்தை உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. அதன்படி 15 வயதுப் பையனுக்கு 18 என்பது இயல்பான அளவுதான். சமீபத்தில் எடை இறங்கியிருந்தால் மட்டும் மருத்துவரைப் பார். வயதைக் கேட்காத கணிப்பானை இனி தொடாதே.

ஒரு தந்தை: கிட்ஸ்ஹெல்த்தின் சிறுவர் பகுதியிலேயே வயதுக்கு வருவதைப் பற்றி எழுதியிருக்கிறார்களே, இதெல்லாம் இப்போதே எதற்கு?

பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்தும் பையன்களுக்கு 9 வயதிலிருந்தும் மாற்றங்கள் தொடங்கலாம். முதல் மாதவிடாயன்று கறையைப் பார்த்து, தனக்கு ஏதோ நோய் என்று பயந்து அழுகிற பிள்ளைக்கு அதற்குப் பிறகு சொல்லி என்ன பயன்?

இன்னொரு தாய்: அவர் சொல்வதும் சரிதானே. தெரிந்துகொண்டால் ஆர்வம் அதிகமாகாதா?

ஆகாது. யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கான ஆய்வுகளைத் தொகுத்துத் தந்திருக்கிறார்கள். பாலியல் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்குவதில்லை என்பதே அதன் முடிவு.

அதே தந்தை: வீட்டில் நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

தாராளமாகச் சொல்லுங்கள், அதுதான் நல்லது. ஆனால் இந்த வாரமே சொல்லுங்கள். நாள் தள்ளினால் பிள்ளைகள் கண்ட வீடியோவிலிருந்து கற்றுக்கொள்வார்கள்.

பெரியம்மா ஒருவர்: நல்ல தளம் ஒன்று சொல்லுங்களேன்?

முதல் பதிலைப் பாருங்கள் அம்மா.

ஆசிரியை: உடல்நலத் தளங்களுக்கு ஹான் என்ற அமைப்பு கொடுத்த தரச்சான்று முத்திரை உள்ள தளத்தை நம்பலாமா?

அந்த அமைப்பு 2022-இல் மூடப்பட்டுவிட்டது. முத்திரையை விடுங்கள், பெயரையும் தேதியையும் பாருங்கள்.

ஒரு தாய்: பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சோர்ந்து கிடக்கிறான். எந்தத் தளத்தில் பார்க்கலாம்?

எதிலும் வேண்டாம். இப்போதே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.