போர் நினைவகத்தில் செல்ஃபி – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு டெல்லி போனபோது, இந்தியா கேட் அருகே உள்ள தேசிய போர் நினைவகத்துக்கும் போனோம். அமைதியாக நிற்கவேண்டிய இடம் என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் கூட்டிப்போனேன். அங்கே பார்த்தால் செல்ஃபி, சிரிப்பு, ஓடிப்பிடித்து விளையாட்டு. எரிச்சலோடு திரும்பினேன். உயிரைக் கொடுத்தவர்களின் நினைவிடத்தை இப்படிப் பூங்காவாக்கியது சரியா?

க.

அன்புள்ள க.,

பிள்ளைகள் எந்த இடத்தில் ஓடினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நினைவகம் நான்கு வட்டங்களாக அமைந்தது. நடுவில் சுடர், அப்புறம் போர்க்காட்சிகளின் வெண்கலச் சிற்பங்கள், அடுத்து பெயர்கள் பொறித்த சுவர்கள். கடைசி வட்டம் முழுக்க மரங்கள். இன்று நாட்டைக் காத்து நிற்பவர்களுக்கான வட்டம் அது. அந்த நிழலில் பிள்ளைகள் ஓடினால் எனக்குச் சந்தோஷம்தான். பெயர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துப் படம் எடுத்தால் எனக்கும் கோபம் வரும்.

ஏனென்றால் அந்தப் பெயர்கள் அங்கே வந்து சேர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. எல்லாம் ஆங்கிலேயர் படையில் இருந்து இறந்தவர்களுடையவை. 1971 போருக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று அதே வளைவின் கீழ் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. சுடர் வந்தது, அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர் வரவில்லை. 2019 பிப்ரவரியில் இந்த நினைவகம் திறக்கப்பட்டபோதுதான், சுதந்திரத்துக்குப் பின் வீழ்ந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தலைநகரில் ஒரே இடத்தில் கல்லில் ஏறின. மூன்று ஆண்டு கழித்து அந்தப் பழைய சுடரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நானும் இருபது நிமிடத்தில் சுற்றிமுடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான். இரண்டாம் முறை, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கும் பகுதிக்குப் போனேன். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலை முன் கால் நின்றுவிட்டது. 1987 நவம்பர் 25, இலங்கை. அமைதிப்படையில் போன தமிழர், தமிழர்களோடு நடந்த சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். அங்கே எனக்குப் பெருமிதம் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். அந்தப் போரில் அந்தப் பக்கம் இறந்தவர்களும் நினைவுக்கு வந்தார்கள். சல்யூட் அடிக்கவும் தோன்றவில்லை, நகரவும் முடியவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பிறகுதான் பெயர்ச் சுவருக்குத் திரும்பிப்போய் நிதானமாக வாசித்தேன். நாலைந்து வரிசைக்கு மேல் முடியவில்லை.

அடுத்த முறை போனால் பிள்ளைகளிடம் அமைதியாக இரு என்று சொல்லாதீர்கள். ஒரு வரிசையைக் காட்டி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மிசோரம் பெயர், கார்வால் பெயர், நம்மூர்ப் பெயர் என்று கலந்து வரும். திக்கித் திக்கித்தான் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.