பழைய காருக்குப் பழைய போல்ட்: எதில் பிடிவாதம் பிடிக்கலாம்?

கேள்வி: கோத்தகிரியில் என் தாத்தா ஓட்டிய 1949 மாரிஸ் மைனர், கிரில்லுக்குள்ளேயே விளக்கு வைத்த பழைய மாடல், பல வருடமாக ஷெட்டில் கிடந்தது. இப்போது முழுசாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். குன்னூர் மெக்கானிக், "போல்ட் போல்ட்தான் சார், பஜாரில் புதுசு வாங்கிப் போட்டுடலாம்" என்கிறார். ஊட்டி ரேலியில் பழக்கமான நண்பரோ, தலையில் அந்தக் காலத்து முத்திரை உள்ள போல்ட்டாக இல்லாவிட்டால் வண்டிக்கு மதிப்பே இல்லை என்று மிரட்டுகிறார். இங்கிலாந்திலிருந்து தருவிக்கப் பட்டியல் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. எதற்குப் பிடிவாதம் பிடிக்கலாம், எதை விட்டுவிடலாம்? இன்னொன்று: முன் பம்பரின் நடுவில் ஒரு பட்டை ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வது பாதி தவறு, நண்பர் சொல்வது முக்கால்வாசி தவறு. பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். உங்கள் வண்டிக்கு வேண்டிய அசல் போல்ட்டுகளில் பெரும்பகுதி, கழற்றிப் போட்ட டப்பாக்களிலேயே இருக்கும்.

முதலில் மெக்கானிக்கின் "போல்ட் போல்ட்தான்" விஷயம். மற்ற வண்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். உங்கள் வண்டியின் 918 சி.சி. சைடு வால்வ் இன்ஜினுக்குப் பொருந்தவே பொருந்தாது. காரணம் ஒரு பழைய கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு துப்பாக்கிக் கம்பெனி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஒரு ஆலை நடத்தியது. போர் முடிந்ததும் மாரிஸுக்கு இன்ஜின் செய்து கொடுத்தது. 1923இல் கார் கம்பெனி முதலாளி வில்லியம் மாரிஸ் அந்த ஆலையையே வாங்கிவிட்டார். அங்கிருந்த இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக். அவற்றை மாற்றச் செலவாகும் என்று மரையை மில்லிமீட்டரிலேயே வெட்டினார்கள். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்கிடம் இருந்தது விட்வொர்த் என்ற அங்குல அளவு ஸ்பேனர் என்பதால் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தார்கள். அந்த வழக்கம் உங்கள் இன்ஜின் வரைக்கும் வந்திருக்கிறது. மரை மெட்ரிக், தலை அங்குலம்!

இதில் என்ன ஆபத்து? கடையில் போய்க் கேட்டால் "இரண்டரை நூல் போல்ட்" என்று 5/16 அங்குலத்தில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது அம்பாசடருக்கான யு.என்.எஃப். (யுனிஃபைட் என்ற அளவுமுறையின் நெருக்கமான மரை) போல்ட், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. உங்கள் இன்ஜினில் இருக்கும் ஓட்டை 8 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. தடிமனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே (7.94, 8.0). யு.என்.எஃப். மரையின் இடைவெளி 1.06 மி.மீ. அதனால் கையால் சுற்றினால் நாலைந்து சுற்று சமர்த்தாக உள்ளே போகும். அப்புறம் இறுகும். இறுகியதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஸ்பேனர் போட்டு ஒரு இழு. போல்ட் உட்கார்ந்துவிடும், பிளாக்கில் இருந்த எழுபத்தைந்து வருட மரை பொடியாகி வெளியே வரும். இன்றைய சாதாரண 8 மி.மீ. போல்ட் இந்த விதத்தில் பரவாயில்லை. அதன் இடைவெளி 1.25 என்பதால் ஓரிரு சுற்றிலேயே மாட்டிக்கொண்டு எச்சரித்துவிடும்.

தலையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். அசல் போல்ட்டின் ஆறுமூலைத் தலை, பட்டைக்குப் பட்டை 13.3 மி.மீ. 13 ரிங் ஸ்பேனர் ஏறாது, 14 போட்டால் மூலை மழுங்கும். 1/4 விட்வொர்த் என்று பொறித்த ஸ்பேனர் (அந்த எண் போல்ட்டின் தடிமன், வாயின் அகலம் அல்ல) அச்சாக உட்காரும். போல்ட் வாங்குமுன் இந்த ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும், பழசாக இருந்தாலும் வாய் விரியாமல் இருந்தால் போதும். கூடவே மரை இடைவெளி பார்க்க ஒரு பிட்ச் கேஜ், தடிமன் அளக்க ஒரு வெர்னியர். தலையில் ஒன்றையொன்று கோத்த மூன்று வட்டங்களோ, வட்டமான ஒரு குழியோ இருந்தால் அது யுனிஃபைட் மரை என்பதற்கான அடையாளம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து அந்த மரைக்கு உடன்பட்டது 1948இன் கடைசியில். 1949 இன்ஜினில் அந்தத் தலையைப் பார்த்தால், இடையில் யாரோ அம்பாசடரிலிருந்து கழற்றி மாட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். மரை போயிருந்தால் 8×1 அளவிலேயே ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள். அடுத்த பெரிய அளவுக்கு மரை வெட்டி டேப் அடித்துவிடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் விடாதீர்கள்.

மின்சாரப் பக்கம் வேறு உலகம். லூகாஸ் கம்பெனியின் மின்சாரப் பொருட்களில் இருப்பது பி.ஏ. என்ற, சிறு ஸ்க்ரூக்களுக்கான பிரிட்டிஷ் மரை. 2 பி.ஏ. என்பது 4.7 மி.மீ. தடிமன், 0.81 மி.மீ. இடைவெளி. நம் ஊர் 5 மி.மீ. ஸ்க்ரூவின் இடைவெளி 0.8. அதனால் முறுக்கினால் ஏறும், ஏறும்போது பித்தளையைச் சீவிக்கொண்டே ஏறும். டெர்மினல் ஸ்க்ரூ ஒன்று தொலைந்தால் 2 பி.ஏ.வையே தேடி வாங்குங்கள். விலை குறைவு, தபாலிலும் வரும். பாடியில் பெரும்பாலும் பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் அங்குல மரை. ஆக ஒரே வண்டியில் மூன்று சாதி மரை. கழற்றிய இடத்தின் பெயரை எழுதி, தனித்தனி ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஒரே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்தால், பிட்ச் கேஜும் கையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கே ஒதுக்க வேண்டியதுதான்.

இனி நண்பரின் முத்திரை மோகம். பீஸ், ஜி.கே.என்., நியூவால் என்று தலையில் கம்பெனிப் பெயர் புடைத்த போல்ட்டுகள் அழகுதான், மறுக்கவில்லை. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடங்களில் அவை இருந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்காக வேறொரு வண்டியின் போல்ட்டைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது எனக்கு அசலாகப் படவில்லை. துருப்பிடித்திருந்தாலும் உங்கள் தாத்தா வண்டியிலேயே இருந்த போல்ட்தான் அசல். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பித்தளை பிரஷால் தேயுங்கள். துரு பிடிவாதமாக இருந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஓர் இரவு போடுங்கள், மறுநாள் நன்றாகக் கழுவி உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள். மலை ஈரத்தில் அரை மணி நேரம் விட்டால் மறுபடி செம்பழுப்பு பூத்துவிடும். ஸ்பிரிங் வாஷரையும் மற்ற ஸ்பிரிங்குகளையும் மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்து, பிறகு சும்மா இருக்கும்போதே விரிசல் விடும். வாஷர் புதிதாக வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

முலாம் போடுவதற்கு முன் ஒரு வேலை. போல்ட்டில் வாஷர் மூடியிருந்த அடிப்பகுதியைப் பாருங்கள். காற்றும் மழையும் படாத அந்த வளையத்தில்தான் தொழிற்சாலை போட்டு அனுப்பிய நிறம் மிச்சமிருக்கும். சிலதில் மங்கிய வெள்ளிச் சாம்பல், சிலதில் கறுப்பு. போட்டோ எடுத்துக்கொண்டு அதன்படி செய்யுங்கள். அந்த வெள்ளிச் சாம்பல் பெரும்பாலும் காட்மியம். அது விஷ உலோகம், அதைச் சூடாக்கவோ கிரைண்டரில் தேய்க்கவோ வேண்டாம், திரும்பப் போடவும் வேண்டாம். கோவை பிளேட்டிங் பட்டறைகளில் நிறமில்லாத துத்தநாக முலாம் போட்டால், பளபளப்பைக் கொஞ்சம் மழுக்கிவிட்ட பிறகு பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. முலாமுக்கு மேல் பூசும் மஞ்சள் பாசிவேஷன் வேண்டாம், நவராத்திரி கொலு மாதிரி ஜொலிக்கும். உயர் வலிமை போல்ட்டாக இருந்தால் முலாம் முடிந்த கையோடு 200 டிகிரி அருகில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், அதே ஹைட்ரஜனை வெளியேற்றத்தான். ஸ்டெயின்லெஸ் பற்றி ஆசை காட்டுவார்கள். உள்ளலங்காரத்துக்குச் சரி, சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் கூடாது.

தொலைந்துபோன சில போல்ட்டுகளை லேத்தில் செய்துகொள்ளலாம். ஈ.என்.8 ரக எஃகு ஆறுமூலைக் கம்பியில் தலையை 13.3க்கு இறக்கி, மரை வெட்ட 8×1 டை ஓட்டினால் தீர்ந்தது. அந்த டை இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. பிராக்கெட், கவர், கார்புரேட்டர் மாதிரி இடங்களுக்கு மட்டும். டேஷ்போர்டு, கதவு டிரிம் ஸ்க்ரூக்களில் ஸ்டார் தலையின் நாலு கோட்டுக்கும் நடுவே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது 1960களில் வந்த போசிடிரைவ், 1949க்கு ஒட்டாது. இந்த மாதிரி கண்ணில் படும் இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிவாதம் பிடியுங்கள், யாருக்கும் ஆபத்தில்லை.

ஆபத்து இருக்கும் இடம் முன் சக்கரம். மைனரின் முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சான ஸ்விவல் பின்னின் மேலும் கீழும் டிரன்னியன்கள் என்ற மரை வெட்டிய மூட்டுகள் இருக்கின்றன. கிரீஸ் காணாமல் கீழ் டிரன்னியனின் மரை தேய்ந்தால் சக்கரம் கழன்று மடங்கிப்போகும், இந்த மாடலின் பேர்போன வியாதி அது. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசியில் அப்படி நடப்பதை யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துப் பட்டியலில் முதல் வரி இதுவாக இருக்கட்டும். இடது வலது மரைகள் வேறு வேறு என்பதால் ஜோடியாக வாங்குங்கள். மாட்டிய பிறகு ஆயிரம் மைலுக்கு ஒரு முறையாவது கிரீஸ் கன் பிடியுங்கள். பிரேக் ஹோஸ், பைப், அவற்றை இணைக்கும் யூனியன் எல்லாம் புதிது. யூனியனில் 3/8 பி.எஸ்.எஃப். அங்குலத்துக்கு 20 மரை, 3/8 யு.என்.எஃப். 24, மாற்றி முறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கில் கழற்றிய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடக்கூடாது. இந்த இடங்களில் முத்திரை தேடும் நண்பரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக பம்பர். அதை எடுத்துவிடாதீர்கள், அது ஒட்டு அல்ல. வடிவமைப்பாளர் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் வண்டி ஒல்லியாக இருக்கிறது என்று மாதிரி வண்டியை நடுவே நெடுக அறுத்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டன. அவற்றையும் இரண்டாக வெட்டி, நடுவில் 4 அங்குலத் தகடு கொடுத்து ஆரம்ப வண்டிகளை விற்றார்கள். குரோம் போடக் கொடுக்கும்போது மூன்று துண்டாகக் கழற்றிக் கொடுங்கள், "நடுவில் வெல்டு வைத்து மட்டம் பண்ணிடட்டுமா" என்று பட்டறையில் நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.