இழப்பீட்டுப் பணத்தை வாங்கினால் கூடுதல் கேட்க முடியாதா?

கேள்வி: எங்கள் இரண்டு ஏக்கர் நன்செய் நிலத்தை ஓர் அரசுத் திட்டத்துக்காக 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி எடுக்கிறார்கள். இழப்பீடு மிகவும் குறைவு. பணத்தை வாங்கிவிட்டால் பிறகு கூடுதல் கேட்க முடியாது என்கிறார்கள் சிலர்; வாங்காமல் இருந்தால் நிலத்தைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: முதலில் சொன்னவர்கள் பாதி சரி, இரண்டாவதாகச் சொன்னவர்கள் முழுக்கத் தவறு. பணத்தைத் தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் பெறுங்கள். சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, ஆட்சேபணை தெரிவிக்காமல் தொகையைப் பெற்றவர், 64-ஆம் பிரிவின்கீழ் கூடுதல் இழப்பீடு கோரும் உரிமையை இழக்கிறார். கையொப்பம் இடச் சொல்லும் ரசீதில் ‘முழுத் திருப்தியுடன்’ போன்ற வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். வாங்க மறுத்தால் தொகை ஆணையத்தில் (இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்க இச்சட்டப்படி அமைந்த தீர்ப்பமைப்பு) செலுத்தப்படுமே தவிர, நில எடுப்பு நின்றுவிடாது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய பழைய எடுப்புகள் பற்றி 2020-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும், இழப்பீட்டைப் பெற மறுத்தவர்கள் அதையே காரணம் காட்டி எடுப்பு காலாவதியாகிவிட்டதாகக் கோர முடியாது என்றே கூறியது.

தொகை குறைவு என்கிறீர்கள். அது எங்கே குறைந்தது என்று கண்டுபிடித்தால்தான் வாதாட முடியும். 26-ஆம் பிரிவின்படி, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் அதே வகை நிலங்கள் விற்ற சராசரி விலை ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. சராசரி என்றால் எல்லாப் பத்திரங்களின் சராசரி அல்ல. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில், அதிக விலை குறிக்கப்பட்ட பாதிப் பத்திரங்களின் சராசரி. பெரும்பாலான கணக்குகள் இங்கேதான் பிசகுகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரங்களின் நகல்களை நீங்களே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். (முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க நாமும் பக்கத்து நிலத்துக்காரரும் குறைத்துக் காட்டிய விலைகள்தான் இப்போது நமக்கு எதிராக நிற்கின்றன என்பதையும் வருத்தத்துடன் சொல்லத்தான் வேண்டும்.)

அதன் பிறகு கிராமப்புற நிலமானால், மாநில அரசு நிர்ணயிக்கும் 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் சந்தை மதிப்பைப் பெருக்குவார்கள். ஏக்கருக்கு 10 லட்சம் ரூபாய், காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 12.5 லட்சம், கிணறு, மரங்களுக்கு 1 லட்சம் சேர்த்தால் 13.5 லட்சம், அதே அளவு ஆறுதல் தொகையையும் (விருப்பமின்றி நிலம் இழப்பதற்காகத் தரும் கூடுதல் தொகை) சேர்த்தால் 27 லட்சம். இதற்கு மேல், சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான (திட்டத்தால் மக்களுக்கு வரும் பாதிப்பை ஆராய்வது) அறிவிக்கை வெளியான நாளிலிருந்து தீர்வாணை (இழப்பீட்டை நிர்ணயித்து ஆட்சியர் வழங்கும் ஆணை) நாள் அல்லது நிலம் கையகப்படுத்தப்பட்ட நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைக்கும். கிணற்றையும் தென்னையையும் அதிகாரிகள் கணக்கில் விட்டிருந்தால் அந்த இழப்பு ஆறுதல் தொகையிலும் சேர்ந்து இரட்டிப்பாகிறது என்பதைக் கவனியுங்கள்.

தீர்வாணை வழங்கியபோது நீங்கள் நேரில் இருந்திருந்தால், அன்றிலிருந்து 6 வாரங்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, விவகாரத்தை ஆணையத்துக்கு அனுப்பக் கோர வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கு வழி வேறு. அங்கே மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம்தான் முதலில் போக வேண்டும். ஆகவே அறிவிப்பில் எந்தச் சட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பட்டா இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறது. இழப்பீடு எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் விசாரணையில் ஆஜராகுங்கள். அத்தைமார்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். தாத்தாவின் சுயசம்பாத்திய நிலமாக இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. பங்கீட்டில் தகராறு எழுந்தால் மொத்தத் தொகையும் ஆணையத்துக்குப் போய்விடும். அங்கிருந்து மீட்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

கேள்வி: நாங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோம். அதே அறிவிக்கையில் வந்த பக்கத்து நிலத்துக்காரர் வழக்காடிக் கூடுதல் தொகை பெற்றிருக்கிறார். எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு; பலருக்குத் தெரியாத வழி அது. ஒருவருடைய விண்ணப்பத்தின் பேரில் ஆணையம் தொகையை உயர்த்தினால், அதே அறிவிக்கையின்கீழ் நிலம் இழந்து, 64-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்காமல் விட்ட மற்றவர்களும் அந்த அடிப்படையில் தங்கள் இழப்பீட்டை மறுநிர்ணயம் செய்யக் கோரலாம் என்கிறது 73-ஆம் பிரிவு. ஆணையத்தின் தீர்வாணை வெளியான நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் ஆட்சியரிடம் விண்ணப்பம் சேர வேண்டும். தீர்வாணையின் நகலைப் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. பக்கத்து நிலத்துக்காரரிடம் தீர்வாணையின் தேதியை இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.