வீட்டுக்கல்வி: இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஜூனில் நிறுத்த வேண்டாம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம்.

வரும் ஜூன் முதல் மகளையும் மகனையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், மகன் இரண்டாம் வகுப்பு. என்ன புத்தகம் வாங்குவது, நாளுக்கு எத்தனை மணி நேரம் உட்கார வைப்பது, கால அட்டவணை போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் உங்கள் வீட்டுக்காரர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பின்னாடி காலேஜ்ல சேர்க்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன சார் பண்றது?"

அவர் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கால அட்டவணையை ஆகஸ்டில்கூடப் போட்டுக்கொள்ளலாம். அவர் கேட்டதற்கான பதிலை டி.சி. வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டாக வேண்டும்.

என் கருத்து இதுதான். மகனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாம், தாராளமாக. மகள் விஷயத்தில் பொறுங்கள். நீங்கள் யோசித்திருப்பது இதற்கு நேர் எதிர். மகளுக்காகத்தான் இந்த முடிவு, தம்பி மட்டும் தனியாகப் போவானேன் என்று அவனையும் நிறுத்துகிறீர்கள். பாசம் புரிகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளும் நிற்கும் இடம் வேறு வேறு.

ஆறாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் சாதாரண வகுப்பு இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதற்கான அடிப்படைத் தகுதி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதற்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒரே ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்போம் என்று நினைத்தால், பள்ளியில் சேர்ப்பார்கள். ஆறாம் வகுப்பு விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

பள்ளிக் கட்டணம் கட்ட முடியாததும் ஒரு காரணம் என்று நீங்களே எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவருடைய சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகைகள் சின்ன விஷயம் இல்லை. வசதி உள்ள குடும்பம் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே மகளுக்கு வேறு ஒரு வழியையும் யோசியுங்கள். தனியார் பள்ளியை விட்டு, பக்கத்திலுள்ள அரசு மகளிர் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேருங்கள். ராத்திரி பத்து மணிவரை வீட்டுப்பாடம், வாராவாரம் தேர்வு, மதிப்பெண் குறைந்தால் அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைப்பது என்று நீங்கள் பட்டியலிட்ட தொல்லைகளில் பாதி, பள்ளியை மாற்றினாலே போய்விடலாம். மாலையும் சனி ஞாயிறும் உங்கள் கையில் இருக்கும். எம்.எஸ்சி. கணிதம் படித்த அம்மா வீட்டில் இருக்கும்போது, பள்ளியில் விட்டுப்போகும் கணக்கை நினைத்து ஏன் பயப்பட வேண்டும்?

ஒரே ஒரு விதிவிலக்கு. அவள் பள்ளி என்றாலே பயந்து நடுங்குகிறாள், காலையில் வயிற்றுவலி, வாந்தி, தூக்கமில்லை என்றால் மேலே சொன்ன எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஒதுக்கீட்டை விடப் பிள்ளையின் மனநலம் பெரிது. அவளை உட்கார வைத்து, அப்பா அம்மா இருவரும் சேர்ந்து, அவசரமில்லாமல் கேளுங்கள். கடிதம் முழுக்கத் தேடினேன், மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது மகன். ஏழு வயது. ஆங்கிலவழியில் படித்துவிட்டதால், அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை அவனுக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். மற்றபடி மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளை வீட்டில் படிப்பதால் அவனுக்குப் பறிபோகும் சலுகை எதுவும் இல்லை. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் போய்ச் சேர்ந்தால், அக்காவுக்குக் கிடைக்கும் அத்தனையும் அவனுக்கும் உண்டு. புதுமைப் பெண்ணுக்குப் பதில் தமிழ்ப் புதல்வன், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று வருடம் வீட்டில் படித்துவிட்டு, அதன் பிறகு தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்கலாம்.

"சட்டப்படி தப்பாகுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்கல்வியை அனுமதித்தோ தடை செய்தோ தனிச் சட்டமும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாடு முழுக்கப் பல குடும்பங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கின்றன. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய துணை. பள்ளியில் சேராத, பாதியில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்புவரை திரும்பும் வழி திறந்திருக்கிறது என்று நான் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

பள்ளி செல்லாத பிள்ளைகள் கணக்கெடுப்புக்காக ஆசிரியர்கள் வீடு தேடி வரலாம். வந்தால் வாக்குவாதம் வேண்டாம். வேலைக்குப் போகும் பிள்ளைகளையும், கல்யாணம் பேசி நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகளையும் தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள்தான். உட்கார வைத்து, மகனின் நோட்டுகளைக் காட்டுங்கள். அதற்காகவாவது தேதி போட்டு எழுதிய நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

சிக்கல் ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டோடு முடிகிறது. அதன் பிறகும் வீட்டிலேயே தொடர்வதானால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எந்த வழியில் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முதல் வழி, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதன் பிறகு பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் இந்த அறிவிப்பைக் கவனிக்காமல் ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

இரண்டாவது வழி என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள் தருகிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் பாடத் தேர்வில் கவனம் வேண்டும். சுலபமாக இருக்கிறதே என்று பாடம் எடுத்துவிட்டுப் பிறகு பொறியியல் என்று நின்றால் கதவு திறக்காது. தமிழையும் ஒரு பாடமாக எடுங்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாகிவிட்டது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இரண்டு வருட இடைவெளி கேட்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். படித்தால் டாக்டர் ஆக முடியாது என்று யாராவது சொன்னால், அது பழைய செய்தி. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் நீட் எழுதலாம் என்பது 2024-ல் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தெளிவாகிவிட்டது. 17 வயது நிறைய வேண்டும், இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 14 வயதிலேயே பத்தை முடித்துவிடலாம் என்று ஓடுவதில் லாபமும் இல்லை. எந்தக் கல்லூரியானாலும் அந்த வருடத் தகவல் கையேட்டை வாங்கி, நீங்களே வரிவரியாகப் படியுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் வந்தது என்பதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

புதுச்சேரியில் அம்மா வீட்டுப் பக்கம் குடிபோகலாமா என்ற யோசனை இருக்கிறதாமே. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் விதிகள் வேறு. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, கல்லூரிச் சேர்க்கை சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாக, அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் தேவை. தமிழ்நாட்டின் 7.5 சதவீதம் அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. மருத்துவத்தில் தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புதுச்சேரி 2023-ல் 10 சதவீதம் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பாதிப் பாதி காலம் இருந்துவிட்டு இரண்டு பக்கமும் உரிமை இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் நம் எல்லைப் பகுதியில் இருக்கிறார்கள். போவதானால் ஆறாம் வகுப்புக்கு முன் போங்கள், இல்லையேல் கடலூரிலேயே இருங்கள்.

அரவிந்தர் ஆசிரமப் பள்ளியைப் போலத் தேர்வும் சான்றிதழும் இல்லாமல் வளர்க்க ஆசை என்கிறீர்கள். அது 1943-ல் தொடங்கிய கல்வி மையம். பல துறை ஆசிரியர்கள், ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல், கூடப் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிள்ளையை அதன் வேகத்தில் விடும் அந்த மனப்பாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வேண்டாம் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரே சம்பளத்தில் நடக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தாள் தேவை.

மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முதல் இரண்டு மாதம் ஒன்றுமே செய்யாதீர்கள் என்றால் பயந்துவிடுவீர்கள். ஆனாலும் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பிறகு காலையில் இரண்டரை மணி நேரம் போதும். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஆசிரியர் செலவிடும் நேரத்தில், உங்கள் மகனுக்கென்று போவது சில நிமிடங்கள்தான். தினமும் தமிழ் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு, கணக்கு, கையால் ஒரு பக்கம் எழுதுவது. அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெரிய தொகைக்குப் பாடத்திட்டப் பெட்டி விற்பவர்கள் வருவார்கள், வாங்காதீர்கள்.

ஊரைப் பாடமாக்குங்கள். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையை 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள கிராமங்களும் அவர்களுக்கு என்று பேசிக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்னமும் இருக்கிறது. கோட்டை இருந்த இடத்திலிருந்து அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மகனை வரைபடத்தில் அளக்கச் சொல்லுங்கள், காம்பஸை வைத்து வட்டம் போடச் சொல்லுங்கள். வரலாறும் கணக்கும் ஒரே காலையில் முடியும். கெடிலம் கடலில் கலக்கும் இடம், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, அரிக்கமேடு எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: அவனுக்குத் தினமும் மற்றப் பிள்ளைகள் வேண்டும். வாரம் ஒருமுறை உறவினர் வீடு போவது போதாது. அண்ணா விளையாட்டரங்கில் ஏதாவது ஒரு பயிற்சியில் சேருங்கள், மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். பள்ளியில் போடும் தடுப்பூசிகளும் குடற்புழு மாத்திரையும் இனி உங்கள் பொறுப்பு. 10 வயதில் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையல், மாமியாரின் மருந்து மாத்திரை, ஷிப்ட் மாறும் கணவர், இதற்கு நடுவே ஆசிரியை வேலையும். அறிவு போதாமல் வீட்டுக்கல்வியைக் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அம்மா களைத்துப்போய் நின்றுபோன வீடுகளையே பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் ஒரு பாடத்தை அவர் எடுக்கட்டும். கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு அறிவியல் சொல்ல வராதா என்ன? வராது என்று அவர் சொன்னால், இந்த ஜூனில் தொடங்க வேண்டாம் என்பேன்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மகளிடம் பேசுங்கள். அரசு மகளிர் பள்ளிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இருவருக்கும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். மகனுக்கு டி.சி. வாங்கும்போது இரண்டாம் வகுப்பு தேர்ச்சி, மூன்றாம் வகுப்புக்குத் தகுதி என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு திருத்தம் வாங்க அலைய வேண்டியிருக்கும்.