மீந்த லேன் கேபிளில் திருட்டு அலாரம் ஓடுமா?

லேன் கேபிள் மீதி இருக்கிறது, அஸ்தம்பட்டி வீட்டில் 30 மீட்டர் தூரத்துக்கு பிஐஆர் (உடல் சூட்டை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார்), இரும்புக் கதவுக்கு காந்த சென்சார், மாடியில் சைரன், எல்லாவற்றுக்கும் அதையே இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்சார்களுக்கு ஓடும். சைரனுக்கு வேண்டாம்.

முதலில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள் சார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். ஸ்க்ரூ முடுக்கும்போதே ஒடியும், தூக்கிப் போடுங்கள். முழுச் செம்பு என்றால் போக வர மின்தடை சுமார் 5 ஓம். பிஐஆர் இழுப்பது 15 மில்லிஆம்பியர் போல, அதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. அரை ஆம்பியர் சைரனுக்கோ 2.5 வோல்ட் வழியிலேயே போய்விடும், பேட்டரியில் முனகும். அதற்கு 1 சதுர மி.மீ. ஒயர் தனியாகப் போடுங்கள்.

சாதாரண காந்த சென்சாரின் (ரீட் சென்சார்) காந்தப்புலத்தை இரும்புக் கதவு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லேசாக ஆடினாலே அலறும். இரும்புக் கதவுக்கென்றே வரும் பெரிய சென்சார்தான் சரி.

மாடி ஷீட் அறையில்தான் சிக்கல். மே மாதம் சுவரும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வந்தால் பிஐஆருக்கு ஆள் தெரியாது. மைக்ரோவேவ் (அலை அனுப்பி அசைவைப் பார்ப்பது) சேர்ந்த மாடல் வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலானவை இரண்டும் சேர்ந்து கண்டால்தான் அடிக்கும், ஆக அதுவும் உதவாது. வெப்ப ஈடு உள்ள (சூட்டுக்கேற்ப உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும்) பிஐஆர் போட்டு, கதவுக்கும் ஒரு சென்சார் வையுங்கள்.

ஒயரில் யாராவது கை வைத்தால் கண்டுபிடிக்க அதன் கடைசியில் போடும் ரெசிஸ்டர், சென்சார் பெட்டிக்குள் இருக்கவேண்டும். அலாரம் பேனலில் (கட்டுப்பாட்டுப் பெட்டி) வைத்தால் ஒயரை ஷார்ட் செய்தாலும் பேனலுக்குத் தெரியாது.