வட்டுக் கோப்புகளுக்கு நாமே பெயர் வைக்கலாமா?

கேள்வி: நான் பராமரிக்கும் லினக்ஸ் சர்வரில் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்து ரீபூட் செய்தபோது, அதுவரை எஸ்டிபி என்றிருந்த வட்டு எஸ்டிசி ஆகிவிட்டது, பேக்கப் ஸ்கிரிப்ட் வேறொரு வட்டில் எழுதத் தொடங்கிவிட்டது. /டெவ் கோப்பகத்தில் இந்த வட்டுகளைக் குறிக்கும் கோப்புகளை எம்வி கட்டளையால் 'டேட்டா', 'பேக்கப்' என்று பெயர் மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: எம்வி கட்டளை எந்த மறுப்பும் சொல்லாமல் பெயரை மாற்றிவிடும், ஆனால் தொல்லை தீராது. எல்எஸ் கட்டளையை நீளப் பட்டியல் தரும்படி இயக்கி எஸ்டிபி கோப்பைப் பாருங்கள். வரியின் முதல் எழுத்து 'பி' என்றிருக்கும். அது பிளாக் சாதனம், அதாவது தரவைத் தொகுதி தொகுதியாகப் படித்து எழுதும் சாதனம், என்பதற்கான அடையாளம். வழக்கமாகக் கோப்பின் அளவு வரும் இடத்தில் '8, 16' என்று இரண்டு எண்கள் நிற்கும். சாதனக் கோப்பின் சாரம் அவ்வளவுதான். அதற்குள் தரவு எதுவும் கிடையாது. எந்த டிரைவரைக் கூப்பிட வேண்டும் என்பதை 8 சொல்கிறது. அந்த டிரைவரின் பொறுப்பில் இருப்பவற்றுள் எது என்பதை 16 சொல்கிறது. எஸ்டிஏ வட்டுக்கு 0, எஸ்டிபி வட்டுக்கு 16, எஸ்டிசி வட்டுக்கு 32 என்று பதினாறு பதினாறாக எண்கள் ஏறுவதற்குக் காரணம், முழு வட்டுக்கு ஒன்றும் பார்ட்டிஷன்களுக்குப் பதினைந்தும் ஒதுக்கப்பட்டிருப்பதே.

இந்த எண்களை, இயங்குதளத்தின் மையமான கர்னல், வட்டுகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் வழங்குகிறது. அந்த வரிசை அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே நீங்கள் 'பேக்கப்' என்று பெயர் சூட்டிய கோப்பு '8, 16' என்ற எண்ணோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண் இன்றைக்கு எந்த வட்டுக்குக் கிடைத்ததோ அந்த வட்டைத்தான் திறந்து காட்டும். போதாக்குறைக்கு, 2009-இல் 2.6.32 கர்னலோடு வந்த டெவ்டிஎம்பிஎஃப்எஸ் முறையில் /டெவ் முழுவதும் நினைவகத்தில் வாழ்கிறது. ரீபூட் செய்தால் நீங்கள் வைத்த பெயரும் போய்விடும். எம்கேநாட் கட்டளையால் கோப்புகளை உருவாக்கி வட்டிலேயே வைத்திருந்த பழைய யுனிக்ஸ் காலத்தில் பெயராவது நிலைத்திருந்தது.

செய்ய வேண்டியது, பழைய பெயரைத் தொடாமல் அதன் பக்கத்தில் ஓர் இணைப்பை வைப்பது. சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ் என்ற சேவை ஏற்கெனவே /டெவ்/டிஸ்க் என்ற கோப்பகத்தின் கீழ் இதைச் செய்து வைத்திருக்கிறது: 'பை-ஐடி' என்பதில் வட்டின் மாடலும் வரிசை எண்ணும், 'பை-பாத்' என்பதில் அது செருகப்பட்டிருக்கும் போர்ட்டும், 'பை-யூயூஐடி' என்பதில் அதிலுள்ள கோப்பு முறைமையின் அடையாளமும் பெயராக இருக்கும். மவுண்ட் செய்வதற்கு யூயூஐடி போதும். உங்கள் ஸ்கிரிப்ட் முழு வட்டில் நேரடியாக எழுதுவதாக இருந்தால் 'பை-ஐடி' பெயரையே கொடுங்கள்.

'பேக்கப்' என்ற பெயர்தான் வேண்டும் என்றால், /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி கோப்பகத்தில் ஒரு விதி எழுதலாம். வட்டின் வரிசை எண்ணை யூடெவ்ஏடிஎம் இன்ஃபோ கட்டளையால் பார்த்து, அந்த எண் பொருந்தினால் சிம்லிங்க் என்னும் இணைப்பு ஒன்றைச் சேர்க்கும்படி விதியில் சொல்ல வேண்டும். அங்கே '+=' என்று எழுத வேண்டிய இடத்தில் கூட்டல் குறியை விட்டுவிட்டு '=' மட்டும் போட்டால், அதற்கு முந்தைய விதிகள் சேர்த்த இணைப்புகள் எல்லாம் அழிந்துவிடும்; 'பை-ஐடி' எங்கே போயிற்று என்று தேட நேர்வது பெரும்பாலும் இந்த ஒரு குறியால்தான் என்பேன். வட்டின் மூலப்பெயரையே மாற்ற யூடெவ் அனுமதிப்பதில்லை. அது நெட்வொர்க் இடைமுகங்களுக்கு மட்டும் உள்ள வசதி.

கேள்வி: டிடி கட்டளையால் ஒரு வட்டை இன்னொன்றில் அப்படியே நகலெடுத்தேன். இப்போது யூயூஐடி கொடுத்தாலும் தவறான வட்டு மவுண்ட் ஆகிறதே?

பதில்: யூயூஐடி கோப்பு முறைமைக்குள் எழுதப்பட்டிருக்கும் 128 பிட் எண். பைட் பைட்டாக நகலெடுத்தபோது அதுவும் சேர்ந்தே நகலாகிவிட்டது. அந்தக் கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 வகை என்றால், மவுண்ட் செய்யாத நிலையில், டியூன்2எஃப்எஸ் கட்டளையால் நகலுக்குப் புதிய எண்ணைக் கொடுங்கள். எந்த வட்டு நகல் என்பதை அதற்கு முன் வரிசை எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சோலாரிஸ் என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தில் கழற்றிவிட்ட வட்டுகளின் பெயர்கள் /டெவ்/டிஎஸ்கே கோப்பகத்தில் இன்னும் கிடக்கின்றன. கையால் அழிக்கலாமா?

பதில்: அவை /டிவைசஸ் கோப்பகத்தைச் சுட்டும் இணைப்புகள் மட்டுமே. ஒவ்வொரு வட்டுக்கும் /டெவ்/ஆர்டிஎஸ்கே கோப்பகத்திலும் ஒரு ஜோடி இருப்பதால், கையால் அழிக்கும்போது ஒன்று தவறிப்போகும். டெவ்எஃப்எஸ்ஏடிஎம் கட்டளையைப் பெரிய 'சி' விருப்பத்துடன் இயக்கினால், சாதனம் இல்லாத இணைப்புகளை அதுவே கண்டறிந்து இரண்டு இடங்களிலும் நீக்கிவிடும்.